தண்டல் தூக்கிய காவடி

நூர்ஜானும் அவள் தங்கை காமாரியாவும் சண்டை போட்டுக்கொள்வதற்குக் காரணம் என்று ஒன்று தனியாக வேண்டியதில்லை. மசாலா யார் அரைப்பது, குழாயடிக்கு யார் போவது, தம்பி ஹபீபின் சட்டையை யார் துவைப்பது என்று விடியலில் தொடங்கினால் மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்வரை ஓயாது. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சாக்கு விற்கும் கடையொன்றின் பின்கட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். பக்கத்து வீடுகளில் குழந்தைகளை மிரட்ட வேண்டுமென்றால், அந்தப் பெண்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன் என்று சொன்னால் போதும்.

அம்மா ஹபீபா பீவி உயிரோடு இருந்தவரை இதற்கெல்லாம் ஓர் எல்லை இருந்தது. அவள் அகப்பையை ஓங்கினால் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள். காய்ச்சலில் அவள் மௌத்தான பிறகு அகப்பை இருந்தது, ஓங்கத்தான் ஆள் இல்லை. அத்தா காஜா மொய்தீன் வீட்டில் தங்குகிற மனிதரே அல்ல. வெல்ட் கீ என்கிற துறைமுகக் கடலோரத்தில் அவர் தொங்கான் தண்டல். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை ஏற்றிக் கரை சேர்க்கிற பெரிய படகுக்குத் தொங்கான் என்று பெயர். அதில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவர் தண்டல். படகிலிருந்து அவர் ஒரு குரல் கொடுத்தால் கப்பல் தட்டில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று சொல்வார்கள். அந்தக் குரலை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. வருவார், சாப்பிடுவார், பிள்ளைகள் முகத்தை ஒரு தடவை பார்ப்பார், படுத்துவிடுவார்.

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலையும் ஈய விலையும் சேர்ந்து விழுந்தன. கப்பல் வருவது குறைந்தது. தொங்கான்களைக் கரையில் கட்டிப் போட்டார்கள். முதலாளி கூப்பிட்டு, காலம் திரும்பினால் சொல்லி அனுப்புகிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையை வைத்து உலை வைக்க முடியாதே. அந்தச் சமயத்தில் அத்தாவின் கூட்டாளி சுலைமான் ஊருக்குக் கப்பலேறினார். அவர் காவடியில் சோறு சுமந்து துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்று வந்தவர். மலாய்க்காரர்கள் நாசி காண்டார் என்பார்கள்: தோளில் ஒரு மூங்கில் கம்பு, கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள் வைத்த கூடை. கம்பையும் கூடைகளையும், கடலோரத்தில் தான் வழக்கமாக உட்காரும் இடத்தையும் காஜா மொய்தீனிடம் ஒப்படைத்துவிட்டு சுலைமான் புறப்பட்டார்.

காஜா மொய்தீனுக்கு வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது. சமைக்கத் தெரிந்தவள் நூர்ஜான் மட்டும்தான். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். பதின்மூன்று வயதில் மீன் குழம்பும் இறைச்சிக் குழம்பும் வாசனையிலேயே பதம் சொல்லுவாள். அவள் அரைத்து, அவள் தாளித்து, அவள் வடித்துக் கொடுக்க, அத்தா முதல் நாள் காவடியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் ஹபீப் வாழையிலைக் கட்டோடு பின்னாலேயே போனான். அங்கே நடந்ததை அவன் வந்து சொல்லித்தான் அக்காமார்களுக்குத் தெரியும்.

சொன்னது அவ்வளவு நன்றாக இல்லை. காவடி சுமக்கிறவர்கள் சிறு சிறு ஓட்டமாக, கம்பு துள்ளுகிற தாளத்துக்குக் கால் வைத்துப் போவார்கள். அத்தா படகுப் பலகையில் நடக்கிற மாதிரி காலை அகட்டி வைத்து நடந்தாராம். சுலைமான் சொன்ன இடத்தில் போய் இறக்கி வைத்தாராம். பிறகு யாருக்காகவோ காத்திருக்கிறவர் போலச் சுவரோரமாக நின்றாராம். கடல் முழுக்கக் கேட்கிற குரல் வைத்திருந்தவருக்கு, சோறு சோறு என்று கூவ வாய் வரவில்லை. அன்று பானை அப்படியே திரும்பி வந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் அதையே அன்று மத்தியானமும் ராத்திரியும் மறுநாள் காலையிலும் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் அவருடைய பழைய தொங்கானில் மூட்டை தூக்கிய ராமதாஸ் அந்தப் பக்கம் வந்தார். தண்டல் சுவரோரம் நிற்பதைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கடலோரத்தைப் பார்த்துத் திரும்பி, "நம்ம தண்டல் சோறு கொண்டாந்திருக்காருலா, வாங்க" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் வியாபாரம் என்று ஒன்று நடக்க ஆரம்பித்தது. ஆனால் அத்தாவுக்கு அது சுலபமாக இருக்கவில்லை. நேற்றுவரை இவர் சொல்லி அவர்கள் செய்தார்கள். இன்று அவர்கள் இலையை நீட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்ல, இவர் குனிந்து ஊற்றினார். அவர்கள் தண்டல் என்றே கூப்பிட்டார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அத்தாவின் கை ஒரு நொடி நின்றதாக ஹபீப் சொன்னான். காமாரியா சிரித்தாள். நூர்ஜானுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடே சமையலறையாகிப் போனதும் சண்டைக்கும் சத்து ஏறியது. நூர்ஜான் அந்த வருஷம்தான் பெரியவளாகியிருந்தாள். அதிலிருந்து வாசற்படி தாண்டக் கூடாது. கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில்கூட நிற்கக் கூடாது. வெளி வேலை முழுவதும் பதினோரு வயது காமாரியாவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது தப்பு, அவள் ஓடிப்போய் ஏந்திக்கொண்டாள். சௌராஸ்தா பாசாருக்குப் போய் மீனும் வெண்டைக்காயும் வாங்கி வருவாள். வரும்போது மீனோடு ஆயிரம் கதைகளும் வரும். டிராம் தடம் விட்டு நின்றது, சீனர் கோயிலில் கூத்து போட்டிருக்கிறார்கள், மீன்காரக் கிழவன் அவளைக் கண்டாலே ஒரு மீன் கூடப் போடுகிறான். நூர்ஜான் மிளகாய் அரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். கேட்டுவிட்டு, மீன் செவுள் வெளுத்திருக்கிறதே, கண் இருக்கிறதா இல்லையா உனக்கு என்று எரிந்து விழுவாள். மீன் நன்றாகத்தான் இருக்கும். டிராம் தடம் விட்டு நின்றதைத் தான் பார்க்க முடியவில்லையே என்பதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல்.

தினமும் இந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டு காவடி கட்ட வேண்டியிருந்த அத்தா, ஒரு நாள் தனக்குத் தெரிந்த முறையில் ஒரு வழி செய்தார். படகில் முன்பக்கம் ஒருத்தன் பொறுப்பு, பின்பக்கம் ஒருத்தன் பொறுப்பு என்று பிரித்துவிட்டால் சச்சரவு வராது. அதேபோல் சோற்றுக் கூடை நூர்ஜானுடையது, குழம்புக் கூடை காமாரியாவுடையது என்றார். சோறு வடிப்பது, மசாலா அரைப்பது, இலை துடைப்பது பெரியவள் வேலை; மீன் ஆய்வது, குழம்பு கூட்டுவது, சட்டி தேய்ப்பது சின்னவள் வேலை. ஒருத்தி கூடையில் மற்றவள் கை வைக்கக் கூடாது. இப்படிச் சொல்லிவிட்டு, பெரிய வழக்கைத் தீர்த்த திருப்தியோடு தொழப் போனார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

அதுவரை சண்டை மட்டும் இருந்தது. அன்றிலிருந்து போட்டியும் சேர்ந்துகொண்டது. காமாரியாவின் குழம்பைக் கூலிகள் பேர் சொல்லிக் கேட்கிறார்கள் என்ற செய்தி வந்தது. உண்மைதான், அவளுக்குக் கை மணம் இருந்தது. இத்தனை நாளில் அக்காவிடம் கற்றுக்கொண்ட குழம்பில் அவளாக ஒரு பிடி கறிவேப்பிலையை வறுத்துப் போட்டாள், அவ்வளவுதான், கடலோரமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. சோற்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சோறு நன்றாக இருந்தால் யார் சொல்லுவார்கள்? குழைந்தால்தான் சொல்லுவார்கள்.

நூர்ஜானுக்கு இது பொறுக்கவில்லை. அவள் ஒரு காரியம் செய்தாள். சோற்றை அமுக்கி வைக்காமல், அகப்பையால் உதிர்த்து உதிர்த்துப் பானையில் தளர்வாகப் போட்டு, மேலே கோபுரமாகக் குவித்தாள். பார்வைக்குப் பானை நிறைந்திருக்கும். உள்ளே முக்கால்தான். சோறு சீக்கிரம் தீர்ந்துவிடும். குழம்பு மீந்து திரும்பி வரும். மத்தியானம் கூடைகள் வந்து இறங்கியதும், தன் பானையைக் கவிழ்த்துக் காட்டி, "என்னுது காலி. உன் கொழம்பு ஏன் திரும்பி வருது?" என்று கேட்பாள். காமாரியாவுக்கு முகம் செத்துப்போகும். குழம்பில் குறை என்று நினைத்துக்கொண்டு அவள் மறுநாள் இன்னொரு சட்டி சேர்ப்பாள். முட்டை அவித்துப் போடுவாள். வெண்டைக்காயைத் தனியாக ஒரு பாத்திரத்தில் வைப்பாள். அவள் கூடை கனத்துக்கொண்டே போனது. நூர்ஜானின் பானை இலேசாகிக்கொண்டே போனது. அத்தா ஒரே ஒரு தடவை, சோறு இன்னும் கொஞ்சம் இருந்தால் நாலு பேருக்கு இல்லையென்று சொல்ல வேண்டியிராது என்றார். பானை நிறைந்துதானே இருக்கிறது என்றாள் அவள். அவர் பானையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தூக்கிக்கொண்டு போனார்.

அம்மாவின் வருஷ நினைவு ஃபாத்திஹாவுக்கு தைப்பிங்கிலிருந்து பெரியம்மா ஹாஜரா வந்தார். அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. அவருடைய கணவருக்குத் தைப்பிங்கில் துணிக்கடை. குறை என்று ஒன்று கிடையாது, பிள்ளை மட்டும் இல்லை. வந்த அன்று மூன்று சண்டைகளைப் பார்த்தார். ஃபாத்திஹா முடிந்ததும் அத்தாவிடம், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு காவடியும் சுமந்து உன்னால் மாளாது தம்பி, சின்னவளை என்னிடம் விடு, என் பிள்ளையாக வளர்க்கிறேன் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அத்தா உடனே மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வேலை இப்போதுதான் கைக்கு வருகிறது, ஹஜ்ஜுப் பெருநாள் வரை பார்க்கலாம், வீடு ஒழுங்காக நடக்கவில்லையென்றால் கூட்டிப்போங்கள் என்றார்.

அன்று காமாரியா குழாயடிக்குப் போயிருந்தபோது பெரியம்மா நூர்ஜானைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். அதற்குச் சற்று முன்னால்தான் தேய்க்காத சட்டிக்காக அக்காளும் தங்கையும் கட்டிப் புரண்டிருந்தார்கள். அந்தக் கோபம் ஆறாமலேயே நூர்ஜான், "கூட்டிட்டுப் போங்க பெரியம்மா. அவ இல்லாட்டி நான் வீட்ட நல்லாவே பாத்துக்குவேன்" என்றாள். பெரியம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும், இவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று நூர்ஜானுக்கு உறைத்தது. ஆனால் சொன்ன வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

பெருநாள் நெருங்கியது. அத்தாவுக்கு நடை வந்துவிட்டிருந்தது. கூவவும் பழகிக்கொண்டார், படகுக் குரல் இல்லை, பாதிக் குரல், அது போதுமானதாக இருந்தது. தோள்தான் ஆறவில்லை. வலது தோளில் ரொட்டி உப்பினாற்போல் ஒரு வீக்கம். புதுசாகச் சுமக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, ஹபீபைக் கூப்பிட்டுத் தேங்காயெண்ணெய் தேய்க்கச் சொல்லுவார். இன்னொரு மாற்றமும் தெரிந்தது. சோற்றுக் கூடையை அவரே கழுவிக் கொண்டுவர ஆரம்பித்தார். வழியில் குழாய் இருக்கிறதே, நீ எதற்கு இரண்டாவது தடவை கழுவ வேண்டும் என்பார். நூர்ஜானுக்கு ஒரு வேலை மிச்சம். காமாரியாவின் சட்டிகளை மட்டும் அவர் கழுவவில்லையே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

பெருநாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே பெரியம்மா எதிர்க்கரையிலுள்ள பிறைத் துறையிலிருந்து படகேறி வந்து இறங்கினார். காமாரியாவுக்குப் பச்சைப் பட்டில் ஒரு பாவாடை தைத்துக் கொண்டுவந்திருந்தார். காமாரியா அதை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தன்னிடம் யாரும் கேட்கவில்லையே என்று அவள் நினைத்திருக்கலாம். நூர்ஜான் அந்தப் பாவாடையைப் பார்த்துக்கொண்டே அரிசி களைந்தாள். ஒரு தடவை களைந்ததையே மறுபடி களைந்தாள். பொறாமையில்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. அத்தா தொப்பலாக நனைந்து, பல் கிடுகிடுக்க வந்து, காவடியை முற்றத்தில் இறக்கிப் போட்டுவிட்டு உடை மாற்ற உள்ளே போனார். குழாயடியில் நிற்க முடியாத மழை, கூடை கழுவியிருக்கவில்லை. நூர்ஜான் பானையை எடுத்து ஓரமாக வைத்தாள். பானை காலி. கூடையைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. அடியில் கிடந்த இலைகளை விலக்கினாள். குழவி அளவுக்கு ஒரு கருங்கல். அதற்குப் பக்கத்தில் பாதிச் செங்கல்.

அவளுக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. என் கூடையில் கல்லைப் போட்டு, என் கூடைதான் அத்தா தோளைக் கெடுத்தது என்று பேர் வாங்கித் தரப் பார்க்கிறாளா? இதை வேறு யார் செய்வார்கள்? கல்லை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெரியம்மாவின் காலடியில் போட்டாள்.

"பாருங்க பெரியம்மா. என்மேல இருக்க எரிச்சல்ல அத்தா தோள்ல கல்லத் தூக்கி வெச்சிருக்கா."

காமாரியா கல்லைப் பார்த்தாள். தான் பார்த்ததே இல்லை என்றாள். பொய் என்றாள் நூர்ஜான். நீதான் பொய்க்காரி, நீயே வைத்துவிட்டு என் தலையில் கட்டுகிறாய் என்றாள் காமாரியா. பாவாடை ஒரு பக்கம் விழ, ஒருத்தி தலைமுடி இன்னொருத்தி கைக்குப் போயிற்று. ஹபீப் நடுவில் நுழைந்து ஒரு குத்து வாங்கிக்கொண்டு ஒதுங்கினான். பெரியம்மா எழுந்து இருவரையும் பிரித்துத் தள்ளினார். அவருக்கு மூச்சு வாங்கியது. போதும், நாளைக்குப் பெருநாள் தொழுகை முடிந்ததும் இவளை நான் கூட்டிப்போகிறேன், இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்தால் ஒருத்தி கொலையாவாள் என்றார். காமாரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வர்றேன்" என்றாள். நூர்ஜானைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அத்தா கைலியை இறுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கீழே கிடந்த கல்லைப் பார்த்தார். கள்ளத்தனம் வெளிப்பட்ட சின்னப் பையன் மாதிரி முகம் போயிற்று அவருக்கு.

"அது நான் வெச்சது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. பெரியம்மாதான் கேட்டார், சுமை போதாதென்று கல்லையுமா சுமப்பான் ஒருத்தன் என்று. அத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். கொஞ்ச நாளாகக் குழம்புப் பக்கம் கனம், சோற்றுப் பக்கம் இலேசு. கம்பு ஒரே பக்கமாக இழுக்கிறது. தோளில் கம்பை நகர்த்தி வைத்தால் சரியாகும் என்று மற்றக் காவடிக்காரர்கள் சொன்னார்கள். அவருக்கு அது கைவரவில்லை, குழம்பு தளும்பிச் சிந்தியது. சந்து முனையில் யாரும் பார்க்காத இடத்தில் கல்லை வைத்திருந்து, போகும்போது கூடைக்குள் போட்டுக்கொள்வார். வரும்போது எடுத்து வைத்துவிட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டு வருவார். இன்றைக்கு மழையில் மறந்துவிட்டது.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சரிசெய்திருக்க மாட்டார்களா என்று பெரியம்மா கேட்டார். சொல்லலாம்தான் என்றார் அத்தா. சொன்னால் யார் கூடை சரியில்லை என்று அதற்கொரு சண்டை வரும். விடிவதற்கு முன்னால் எழுந்து சமைக்கிற பிள்ளைகள், அவர்களிடம் போய் இதில் குறை அதில் கூடுதல் என்று நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கல் ஒன்றும் பெரிய கனமில்லை என்றார். சட்டை போடாததால் அவர் தோளின் வீக்கம் எல்லோருக்கும் தெரிந்தது.

நூர்ஜானுக்குக் காது இரண்டும் சுட்டன. சோற்றுப் பக்கம் ஏன் இலேசு என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அத்தாவுக்கும் தெரியுமோ? பானையைப் பார்த்துத் தலையை ஆட்டினாரே. வாழ்க்கை முழுவதும் சரக்கைத் தூக்கிப் பார்த்தே எடை சொன்ன மனிதருக்கு முக்கால் பானை தெரியாமலா இருந்திருக்கும்? அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பெரியம்மா விடவில்லை. இதற்குத்தான் சொல்கிறேன், ஒரு பிள்ளை குறைந்தால் உனக்கு அந்த மட்டும் பாரம் குறையும் என்றார்.

"படகுல ஒரு பக்கம் சரக்குக் கொறஞ்சா கல்லப் போட்டு நேராக்குவோம்க்கா" என்றார் அத்தா. "எனக்குத் தெரிஞ்ச வேல அதுதான். புள்ள ஒண்ணு கொறஞ்சுபோனா நான் எதப் போட்டு நேராக்குறது?"

பெரியம்மா கீழே விழுந்த பாவாடையை எடுத்து உதறி மடித்தார். பிறகு, அத்தாவிடம் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல், நூர்ஜானிடம் திரும்பினார். "நீதானே கூட்டிட்டுப் போங்கன்னு என்கிட்ட சொன்ன? அத நம்பித்தானே நான் வந்தேன். சொல்லு."

காமாரியா தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். திட்டுவதும் முடியைப் பிடிப்பதும் அவளுக்குப் பழக்கம். இது அவள் எதிர்பாராதது. அவள் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் நூர்ஜானால் தாங்க முடியவில்லை.

"சொன்னேன் பெரியம்மா" என்றாள் நூர்ஜான். "சோத்தையும் நான்தான் கொறச்சு வெச்சேன். அவ கொழம்பு மிஞ்சணும்னு. அவள விட்டுட்டுப் போங்க."

அழுதுகொண்டே சொன்னதால் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அங்கே பகலெல்லாம் வீட்டில் பேச ஆளில்லை தம்பி, அதற்குத்தான் கேட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அத்தா போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தார்.

பெருநாளன்று பெரியம்மா இருந்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, சாயங்காலம் தனியாகவே படகேறிப் போனார். பச்சைப் பாவாடையைக் காமாரியாவிடமே விட்டுவிட்டார். பள்ளி விடுமுறைக்கெல்லாம் மூன்று பேரையும் தைப்பிங்குக்கு அனுப்புவதாக அத்தா வாக்குக் கொடுத்தார். ஹபீபுக்கு மட்டும்தான் அதில் அன்றைக்கே சந்தோஷம்.

காமாரியா அக்காவிடம் பேசவில்லை. பெருநாள் முழுவதும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. நூர்ஜான் வேண்டுமென்றே அவள் பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தாள், அவள் குழம்புக்கு உப்பு போதாது என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. மாற்றி வைத்த இடத்திலிருந்து காமாரியா பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள், உப்பு போட்டாள். வீட்டில் இவ்வளவு அமைதி இருந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்தவளுக்கு, அந்த அமைதியில் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தா மறுபடி காவடி கட்ட வேண்டும். விடிவதற்கு முன் இரண்டு பேரும் அடுப்படியில் எதிரெதிரே இருந்தார்கள். நூர்ஜான் சோற்றை அகப்பையால் அமுக்கி அமுக்கி, விளிம்புவரை வைத்தாள். காமாரியா தன் கூடையிலிருந்து ஒரு சட்டியை எடுத்து வெளியே வைத்தாள். நூர்ஜான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் திட்டவாவது செய்யேன்டி என்றாள்.

காமாரியா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நான் போயிருந்தா நீ அழுதிருப்பியா?"

உன்னை நினைத்து யார் அழுவார்கள் என்று வழக்கம்போல் நாக்கின் நுனிக்கு வந்தது. நூர்ஜான் அதை விழுங்கினாள். "அழுதிருப்பேன்" என்றாள்.

காமாரியா குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

"சரி, எந்திரி" என்றாள். "நேத்து ரெண்டு சட்டியும் நான்தான் தேச்சேன். இன்னிக்கு நீ தேய்."

நூர்ஜான் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு சட்டிதானே தேய்த்தாய், மற்றது நேற்று அடுப்பிலேயே ஏறவில்லை என்று முற்றத்திலிருந்து குரல் கொடுத்தாள். இரண்டுதான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அத்தா திண்டில் சாய்ந்து, தோளுக்குத் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.